ஐக்கிய விருந்தில் பெரியவங்களையும் எழுப்பி ஆட வைக்கிற விளையாட்டு சொல்லுங்க

புறநகர்_வாலிபன்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்களது சென்னைக்குத் தெற்கே ஒரு சி.எஸ்.ஐ. சபை. திருநெல்வேலி, கன்னியாகுமரி, வேலூர்னு பல பக்கத்துல இருந்து வேலைக்கு வந்து குடியேறினவங்கதான் முக்கால்வாசி. ஆசீர்வாதம் சொல்லி முடிச்ச அஞ்சாவது நிமிஷம் வாசல்ல பைக் சத்தம். ரெண்டு வருஷமா ஒரே பெஞ்சுல உட்கார்றவங்களுக்கே ஒருத்தர் பேர் ஒருத்தருக்குத் தெரியாது.

அடுத்த மாசம் ஐக்கிய விருந்து, சபையே சேர்ந்து சாப்பிடுற நாள். ஆராதனை பத்தரைக்கு முடியும், பந்தி பன்னிரண்டரைக்கு. நடுவில இருக்கிற ரெண்டு மணி நேரத்தை வாலிபர் ஐக்கியத்துக்கிட்ட கொடுத்திருக்காங்க. 120 பேர் எதிர்பார்க்கிறோம், எல்.கே.ஜி. பிள்ளையில இருந்து எண்பது தாண்டினவங்க வரை. ஹால் டைல்ஸ் தரை, நடுவில நாலு தூண். வெளியே கார் நிறுத்துற இடம் கொஞ்சம் இருக்கு.

வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு லெமன் ஸ்பூன், பெண்களுக்கு மியூசிக்கல் சேர், ஆண்கள் மரத்தடியில நின்னு அரசியல். இதை மாத்தணும். யோசனை சொல்லுங்க.

ஏரல்காரன்:
கயிறு இழுத்தல் வைங்க தம்பி. திருமணமானவங்க ஒரு பக்கம், ஆகாதவங்க ஒரு பக்கம். மரத்தடி அரசியல் தானா கலைஞ்சிடும்.

மூணாவது_பெஞ்ச்:
டைல்ஸ் தரையில கயிறு இழுத்தா அரசியல் கலையாது அண்ணே, இடுப்பு கலையும்.

ஞாயிறுபள்ளி_அக்கா:
கயிறு வெளியே மண் தரையில மட்டும். கையில சுத்திப் பிடிக்கக் கூடாதுன்னு மைக்ல சொல்லுங்க. பலமா இழுக்கிறோம்னு மணிக்கட்டுல ஒரு சுத்து போட்டுக்குவாங்க, எதிர் அணி திடீர்னு இழுத்தா விரல் போயிடும். செருப்போட ஆடவும் விடாதீங்க.

தம்பி, உங்க பிரச்சினை வேற. மியூசிக்கல் சேர்ல முதல் சுத்துலயே ஒருத்தர் வெளியே. அந்த ஒருத்தர் யாரு? முழங்கால் வலிக்காரங்க, இல்லைன்னா கூச்சப்படுற புது மருமகள். யாரை உள்ளே இழுக்கணுமோ அவங்களைத்தான் அந்த ஆட்டம் முதல்ல வெளியே தள்ளுது. கடைசியில ரெண்டு பேர் ஒரு நாற்காலியைச் சுத்தி ஓட, மிச்சம் எல்லாரும் சும்மா உட்கார்ந்து பார்க்கிறாங்க. தோத்தவங்களும் தொடர்ந்து ஆடுற விளையாட்டா தேடுங்க.

நான் முதல்ல வைக்கிறது நோவா பேழை. சீட்டுல மிருகத்தோட பேர், ஒரு மிருகத்துக்கு நாலு சீட்டு. ஆளுக்கு ஒண்ணு கொடுத்து நல்லா கலைச்சு விடுங்க. பேசக் கூடாது, சைகையும் கூடாது, சத்தம் மட்டும். ஆடு ஆட்டைத் தேடணும், சேவல் சேவலைத் தேடணும். நாலு பேர் சேர்ந்ததும் பேழை வாசல்ல வந்து நிக்கணும், நின்னதும் நாலு பேரும் பேர், ஊர், எந்தத் தெருன்னு சொல்லணும். கமிட்டி பொருளாளர் கழுதையா கத்துறதைப் பார்த்த பிறகு சபையில யாருக்கும் கூச்சம் இருக்காது.

சில நுணுக்கம் இருக்கு. ஆட்டுக்கும் செம்மறிக்கும் தனித்தனி சீட்டு போடாதீங்க, குழம்பும். ஒட்டகச்சிவிங்கி, முயல், மீன் எல்லாம் வேண்டாம், சத்தம் இல்லாத ஜந்துக்கள். நாய், பூனை, மாடு, காகம், தவளை, சேவல், கழுதை, குயில், யானை, சிங்கம் போதும். 120 பேருன்னா 30 குழு வரும்; அதே பத்து மிருகத்தை வச்சு மூணு சுத்தா நடத்துங்க. எழுத்துக் கூட்ட முடியாத பாட்டிகள், சின்னப் பிள்ளைகள் இருப்பாங்க, அதனால பேருக்குப் பக்கத்துல படமும் ஒட்டுங்க. எழுந்து நடக்க முடியாதவங்க உட்கார்ந்த இடத்துல இருந்தே கத்தட்டும், மத்த மூணு பேரும் அவங்களைத் தேடி வரணும். குடும்பத்துக்குள்ள ஒரே மிருகம் போகாம பார்த்துக்கோங்க, இல்லைன்னா வீட்டுல இருக்கிற அதே நாலு பேர் பேழையிலயும் நிப்பாங்க.

புறநகர்_வாலிபன்:
அக்கா, இது அருமை. இந்த நாலு பேர் குழுவையே மத்த விளையாட்டுக்கும் அணியா வச்சுக்கலாமா?

ஞாயிறுபள்ளி_அக்கா:
அதுக்காகத்தான் முதல்ல வைக்கச் சொன்னேன். "அணி பிரிங்க"ன்னு விட்டா நெல்லைக்காரங்க ஒரு மூலை, மார்த்தாண்டத்துக்காரங்க ஒரு மூலை.

மார்த்தாண்டம்_டீச்சர்:
எங்க மூலைக்கு வராதீங்க அக்கா 😄

நான் சேர்க்கிறது கையெழுத்து வேட்டை. ஒரு தாள்ல பதினாறு கட்டம். ஒவ்வொண்ணுலயும் ஒரு ஆள் குறிப்பு: ரயில்வேயில வேலை செஞ்சவர், லெந்துன்னு சொல்ற தவக்காலம் நாற்பது நாளும் கறி தொடாதவர், இந்தச் சபையில கல்யாணம் நடந்தவர், பாட்டுப் புத்தகம் பார்க்காம பத்துப் பாமாலை பாடுறவர், ஞாயிறு பள்ளி நாடகத்துல ஆட்டுக்குட்டியா நடிச்சவர், நாலு பிள்ளைக்கு மேல கூடப்பிறந்தவங்க இருக்கிறவர், மரம் ஏறத் தெரிஞ்சவர். ஆளைக் கண்டுபிடிச்சு கையெழுத்து வாங்கணும். ஒரு ஆள் ஒரு தாள்ல ஒரு தடவைதான் கையெழுத்துப் போடலாம், அந்த விதி இல்லைன்னா ஒரே தாத்தாகிட்ட பதினாறையும் முடிச்சிடுவாங்க.

பாதிக் கட்டம் அறுபது தாண்டினவங்க மட்டுமே நிரப்ப முடியுற மாதிரி எழுதுங்க. அப்போ வாலிபப் பிள்ளைகள் அவங்க பக்கம் போய்த்தான் ஆகணும். நாற்காலியில உட்கார்ந்திருக்கிற பெரியவங்களைச் சுத்தி வரிசை நிக்கும். பேனா மறந்திடாதீங்க, 120 பேருக்கும் பேனா யார்கிட்டயும் இருக்காது, பென்சிலை ரெண்டா வெட்டி வச்சுக்கிட்டா முடிஞ்சது.

கேள்வியில கவனம் வேணும். "வீடு சொந்தமா உள்ளவர்", "வெளிநாடு போனவர்", "ரெண்டு பிள்ளை உள்ளவர்"னு எழுதினா சிலருக்குக் குத்தும்.

ரிட்டயர்டு_ரயில்வே:
ரயில்வே கட்டத்துக்கு நான் வரலாமா?

வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. எதைச் செய்தாலும் ஆலயத்துக்குள் வேண்டாம், ஹாலில் வையுங்கள். லெந்து நாட்களிலும் வேண்டாம். அப்புறம் வேத வினாடி வினா இல்லாமல் ஐக்கிய விருந்தா? வசனம் எடுக்கிற போட்டி வையுங்கள். இன்றைய பிள்ளைகளுக்கு வேதாகமத்தில் ஆபகூக் புத்தகம் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

மூணாவது_பெஞ்ச்:
ஐயா, மன்னிக்கணும். வினாடி வினாவுல வருஷா வருஷம் அதே மூணு பேர் ஜெயிக்கிறாங்க, மெத்தூசலா வயசு 969னு கேள்வி முடியறதுக்குள்ள சொல்லிடுறாங்க. புதுசா சபைக்கு வந்த ஒருத்தர், ஞானஸ்நானம் வாங்கி ஆறு மாசம்கூட ஆகாதவர், அணியில உட்கார்ந்து தலையைக் குனிஞ்சுக்கிறார். அதுவா ஐக்கியம்?

ரிட்டயர்டு_ரயில்வே:
தெரியாதவர் தெரிந்துகொள்ளத்தானே தம்பி போட்டி. எங்கள் காலத்தில் தோற்றுத் தோற்றுத்தான் 66 புத்தகத்தையும் வரிசையாகப் படித்தோம்.

ஞாயிறுபள்ளி_அக்கா:
ரெண்டு பேர் சொல்றதும் நியாயம்தான். வசனம் எடுக்கிறதை நாலு பேர் வேலையா மாத்திடுங்க. அணிக்கு ஒரே ஒரு அச்சு வேதாகமம், போன் கிடையாது. ஒருத்தர் பிடிக்கணும், ஒருத்தர் புரட்டணும், ஒருத்தர் விரல் வைக்கணும், அணியிலயே இளையவர் எழுந்து வாசிக்கணும். தெரிஞ்ச பெரியவர் வாயால வழி சொல்லலாம், கை வைக்கக் கூடாது. "ஏசாயா தாண்டு, இன்னும் போ, போ... தாண்டிட்ட, திரும்பு"ன்னு ஐயா மாதிரி ஒருத்தர் வழிகாட்டுறதே தனி நாடகம். தேடச் சொல்ற வசனமும் சிரிக்க வைக்கிறதா இருக்கட்டும்: பாலாமோட கழுதை பேசுறது, சிம்சோன் 300 நரியைப் பிடிச்சு வாலோட வால் கட்டினது, பிரசங்கம் நீண்டு போக ஐத்திகு ஜன்னல்ல தூங்கி மூணாம் மாடியில இருந்து விழுந்தது.

மூணாவது_பெஞ்ச்:
ஐத்திகு நம்ம ஆளு. அந்தக் கேள்வியை ஆயர் முன்னாடி கேளுங்க.

ரிட்டயர்டு_ரயில்வே:
இந்த முறை பரவாயில்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கட்டைவிரல் வெட்டு உள்ள, அதாவது புத்தகத்தைச் சட்டென்று எடுக்கப் பக்க ஓரத்தில் வெட்டிய வேதாகமத்தை ஒரு அணிக்கும் கொடுக்கக் கூடாது.

கீபோர்டு_தம்பி:
பாட்டுக்குப் பாட்டு யாரும் சொல்லலையே? கடைசி எழுத்தை வச்சுப் பாடுறது பழைய முறை. மெய்யெழுத்துல முடிஞ்சா என்ன எழுத்துன்னு பத்து நிமிஷம் சண்டை வரும். நாங்க வேற மாதிரி பண்றோம். நான் கீபோர்டுல முதல் வரியோட மெட்டை மட்டும் வாசிப்பேன், அணி பாடணும். முதல்ல அஞ்சு சுரம், தெரியலைன்னா எட்டு. பாமாலை கொஞ்சம், கீர்த்தனை கொஞ்சம், ஞாயிறு பள்ளிப் பாட்டு கொஞ்சம், புதுப் பாட்டு கொஞ்சம்னு கலந்து வச்சா எந்த வயசும் தோத்தே போகாது. கீர்த்தனைக்கு மட்டும் சரணத்துல இருந்து ஆரம்பிப்பேன், பல்லவியைக் கண்டுபிடிக்கணும். அந்த இடத்துல பாட்டிமாரை அடிச்சுக்க ஆளே இல்லை. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் 1864ல மறைஞ்சார், அவர் கீர்த்தனைகளை இவங்க இன்னும் நாலு சரணமும் புத்தகம் இல்லாம பாடுறாங்க. நமக்கு ரெண்டாவது சரணத்துலயே உதடு மட்டும்தான் அசையும்.

முதல் பாட்டு கண்டிப்பா எல்லாருக்கும் தெரிஞ்சதா இருக்கணும். ஒருத்தர் ஆரம்பிச்சா ஹாலே சேர்ந்து பாடிடும், அப்புறம் நீங்க எதுவும் செய்ய வேண்டாம்.

எழுப்புதல்_கோவை:
பிரதர், தவறா எடுக்காதீங்க. சபை கூடிவருவது ஜெபத்துக்கும் வசனத்துக்கும். மிருகம் மாதிரி கத்துறதும் கயிறு இழுக்கிறதும் உலகம் செய்யுறது. அந்த ரெண்டு மணி நேரத்தை உபவாச ஜெபமா வச்சா சபை எழும்பும்.

ஏரல்காரன்:
ஐக்கிய விருந்தன்னைக்கு உபவாசமா? பிரியாணிக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு பிரதர்.

மார்த்தாண்டம்_டீச்சர்:
சகரியா 8 வாசிச்சுப் பாருங்க சகோதரரே. எருசலேமுக்குக் கர்த்தர் கொடுக்கிற வாக்குல நாலாம் வசனத்துல கையில கோல் பிடிச்ச கிழவர்களும் கிழவிகளும் வீதியில உட்கார்ந்திருக்காங்க, அஞ்சாம் வசனத்துல அதே வீதியில ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் விளையாடுறாங்க. ரெண்டு வயசும் ஒரே வீதியில. தம்பி கேட்டதும் அதைத்தான்.

எழுப்புதல்_கோவை:
வசனம் சரிதான் சிஸ்டர். ஆரம்பத்துல ஜெபமாவது பண்ணுங்க.

புறநகர்_வாலிபன்:
கண்டிப்பா பிரதர். ஜெபம் பண்ணித்தான் ஆரம்பிப்போம்.

அன்பியம்_அக்கா:
நான் கத்தோலிக்க சபை, திருச்சி பக்கம். எங்க பங்குல பொங்கல் விழாவுக்கு எல்லா அன்பியமும் (பக்கத்துப் பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் சேர்ந்த சின்னக் குழு) கூடும், உறியடி இல்லாம அது முடியாது. கண்ணைக் கட்டி, மூணு சுத்து சுத்தி விட்டு, கூட்டமே "இடது, இடது"ன்னு பொய் வழி காட்டும். நீங்களும் வைக்கலாமே?

ரிட்டயர்டு_ரயில்வே:
அது கிருஷ்ண ஜெயந்தி விளையாட்டு அல்லவா அம்மா. எங்கள் சபையில் கேள்வி வரும்.

அன்பியம்_அக்கா:
எங்க ஊர்ல அது பொங்கல் விளையாட்டு ஐயா, எல்லாரும் ஆடுறது. பானைக்குள்ள மிட்டாயும் வண்ணத் தாளும்தான். ஆனா உங்க சபையில மனஸ்தாபம் வரும்னா விட்டுடுங்க, இதுக்காக ஒரு சண்டை வேண்டாம். வச்சா ரெண்டு விஷயம்: கம்பு சுழலுற தூரத்துக்கு வட்டம் போட்டுக் கயிறு கட்டணும், பானை உடைஞ்சதும் பிள்ளைகள் மிட்டாய்க்குப் பாயுறதுக்கு முன்னாடி ஓட்டைப் பொறுக்கணும்.

பருத்தித்துறை:
எங்கட பக்கம் இதை முட்டி உடைத்தல் எண்டு சொல்லுவம், சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவில வரும். கிறிஸ்மஸ் ஒளிவிழா முடிஞ்ச பிறகு எங்கட மெதடிஸ்த சபையில சங்கீதக் கதிரை, தேசிக்காயும் கரண்டியும் வைக்கிறனாங்கள். அந்த அக்கா சொன்ன குறை இங்கேயும் இருந்தது. அதால கதிரையைக் குறைப்பம், ஆக்களைக் குறைக்க மாட்டம். பத்துப் பேர், முதல் பத்துக் கதிரை, பிறகு எட்டு, பிறகு ஆறு. பாட்டு நிண்டால் பத்துப் பேரும் எப்பிடியாவது இருக்க வேணும், ஒருத்தரும் வெளியால போறதில்லை. சின்னப் பிள்ளையள் பெரியாக்களின்ர மடியில. கடைசியில நாலு கதிரையில பத்துப் பேர் இருக்கிறதைப் படம் எடுத்து வையுங்கோ. ஆனால் பிளாஸ்ரிக் கதிரை வேண்டாம், கால் விரிஞ்சு முறியும். மர வாங்கு நல்லது.

புறநகர்_வாலிபன்:
மர பெஞ்ச் இருக்கு அண்ணா. ஆண்கள் பெண்கள் தனித்தனியா வச்சா யாரும் முகம் சுளிக்க மாட்டாங்க. இது உறுதி.

அடுத்து ஒரு சிக்கல். கமிட்டியில ஒரு அண்ணன் ஹவுசி, அதான் எண்ணை வாசிக்க வாசிக்க டிக்கெட்டுல அடிக்கிற ஆட்டம், வைக்கச் சொல்றார். டிக்கெட் இருபது ரூபா, வர்ற பணத்துல பாதி பரிசுக்கு, பாதி கட்டட நிதிக்கு. என்ன சொல்றீங்க?

ரிட்டயர்டு_ரயில்வே:
பணம் கட்டி எண்ணுக்குக் காத்திருப்பது சூதாட்டம். ரயில்வே கிளப்பில் ஆடினார்கள், நான் பார்த்திருக்கிறேன். சபைக்குள் வேண்டாம்.

ஏரல்காரன்:
இருபது ரூபாயில என்ன சூதாட்டம் ஐயா? அறுப்பின் பண்டிகையில நூறு ரூபா பூசணிக்காயை ரெண்டாயிரத்துக்கு ஏலம் எடுக்கிறோம், பக்கத்து வீட்டுக்காரனை விடக் கூடாதுன்னே ஏத்தி விடுறோம். அது பரிசுத்தம், இது பாவமா?

ரிட்டயர்டு_ரயில்வே:
ஏலத்தில் கொடுப்பவன் கொடுக்கத்தான் வருகிறான். ஹவுசியில் எடுக்க வருகிறான்.

ஏரல்காரன்:
அது ஆளைப் பொறுத்தது ஐயா. 😀

மூணாவது_பெஞ்ச்:
சிம்சோன் கல்யாணத்துல விடுகதைக்குப் பந்தயம் கட்டினார், 30 துப்பட்டி, 30 மாற்று வஸ்திரம். கடைசியில அந்த வஸ்திரத்துக்காக அஸ்கலோன்ல 30 பேரைக் கொன்னார். விருந்துல பந்தயம் வச்சா எங்க போய் முடியும்னு நியாயாதிபதிகள் 14லயே இருக்கு.

மார்த்தாண்டம்_டீச்சர்:
பணத்தை எடுத்துட்டா ஹவுசி நல்ல விளையாட்டு, ஏன்னா உட்கார்ந்த இடத்துலயே 120 பேரும் ஒரே நேரத்துல ஆடலாம். 1 முதல் 90 வரை எண்ணுக்குப் பதிலா வேதாகமப் பேர்கள். வெறும் தாளைக் கொடுத்து மூணு வரிசை, வரிசைக்கு அஞ்சு பேர் அவங்களையே எழுதச் சொல்லுங்க. பலகையில 40 பேர் எழுதிப் போட்டா அதுல இருந்து எடுத்துக்குவாங்க, வேதம் தெரிஞ்சவர் தெரியாதவர் வித்தியாசம் வராது. வாசிக்கிறவர் நேரா பேரைச் சொல்லாம "மரத்துல ஏறின குள்ளர்"னு சொல்லட்டும், கூட்டம் "சகேயு"ன்னு கத்தட்டும். பிரியாணி தம் போட லேட்டாகும்போது இதுதான் கை கொடுக்கும். எப்பவும் லேட்டாகும்.

ஞாயிறுபள்ளி_அக்கா:
டிக்கெட் இலவசம், பரிசு சில்வர் கரண்டி. கட்டட நிதிக்கு வாசல்ல ஒரு பெட்டி வச்சிடுங்க.

இன்னொண்ணு, யாரும் கேட்கலை, ஆனா கடைசி நேரத்துல யாராவது கொண்டு வருவாங்க: தம்பதிகள் போட்டி. நெத்திக்கு நடுவில பலூன் வச்சு நடக்கிறது, "கணவருக்குப் பிடிச்ச குழம்பு என்ன"ன்னு மனைவியைத் தனியா கேட்டு ஒப்பிடுறது. மேடையில நாலு ஜோடி சிரிப்பாங்க. கீழே விதவை அக்கா, வரன் தேடிக்கிட்டிருக்கிற முப்பத்தஞ்சு வயசுப் பிள்ளை, வீட்டுல சண்டை போட்டுட்டு வந்தவங்க எல்லாரும் அந்த இருபது நிமிஷத்தைக் கடத்தணும். வைக்காதீங்க.

கீபோர்டு_தம்பி:
இது நியாயம். பலூன் இருந்தா பிள்ளைகளுக்குக் கொடுத்திடுங்க.

அன்பியம்_அக்கா:
பிள்ளைகள்னதும் ஞாபகம் வருது. பெரியவங்க கையெழுத்து வேட்டையில இருக்கும்போது சின்னதுகளுக்கு என்ன? யோவான் 21ல வர்ற 153 மீன். காகிதத்துல 153 மீன் வெட்டி எண் போட்டு வளாகம் முழுக்க ஒளிச்சு வைங்க. யார் அதிகம் எடுத்தாங்கன்னு எண்ணாதீங்க. ஒரே வலை விரிச்சு எல்லாரும் அதுல போடணும், 153 ஆகிற வரைக்கும் யாருக்கும் மிட்டாய் இல்லை. கடைசி மூணு நாலு மீன் கிடைக்காது, அப்போ பெரிய பிள்ளைகள் சின்னதுகளைத் தூக்கி ஜன்னல் மேல பார்க்க வைக்கும். எங்கே ஒளிச்சோம்னு நீங்க எழுதி வச்சுக்கோங்க.

ஏரல்காரன்:
ஜெனரேட்டர் பக்கம், சமையல் அடுப்புப் பக்கம் ஒளிக்காதீங்க.

மூணாவது_பெஞ்ச்:
பத்து வயசுப் பையன்களுக்கு, யோசுவா புத்தகத்துல மதில் இடிஞ்சு விழுந்த எரிகோ நல்லா இருக்கும். காலி அட்டைப்பெட்டியில மதில் கட்டணும். ஆறு சுத்து வாயைத் திறக்காம நடக்கணும், யோசுவா சொன்ன மாதிரி. சிரிச்சா, இருமினா மதில் மேல இன்னொரு பெட்டி ஏறும். ஏழாவது சுத்துல கத்திக்கிட்டுப் பந்தால அடிக்கலாம். வேதத்துல ஆறு நாள் ஒவ்வொண்ணு, ஏழாம் நாள் ஏழு, மொத்தம் பதிமூணு சுத்துதானேன்னு ஐயா கேட்பார், பையன்கள் தாங்க மாட்டாங்க ஐயா.

ரிட்டயர்டு_ரயில்வே:
கேட்கத்தான் வந்தேன்.

புறநகர்_வாலிபன்:
இப்போ திட்டம்: ஜெபம், நோவா பேழை அரை மணி. பிறகு பெரியவங்களுக்குக் கையெழுத்து வேட்டை, பிள்ளைகளுக்கு மீனும் எரிகோவும். பெஞ்ச் ஆட்டம் பத்து நிமிஷம். வசனம் எடுக்கிறது, மெட்டு கண்டுபிடிக்கிறது. பிரியாணி லேட்டானா பேர் ஹவுசி. கயிறு இழுத்தல் சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?

ஞாயிறுபள்ளி_அக்கா:
முன்னாடி. பிரியாணி தின்ன வயித்தோட கயிறு இழுத்தா யார் பொறுப்பு? வெயில் ஏறுறதுக்குள்ள, பதினொண்ணரைக்குள்ள முடிச்சிடுங்க. தண்ணி கேன் பக்கத்துலயே இருக்கணும்.

மார்த்தாண்டம்_டீச்சர்:
அதிகமா வச்சிருக்கீங்க தம்பி. ஒண்ணைக் குறைங்க. நல்லா போய்க்கிட்டிருக்கிற விளையாட்டை மணி பார்த்து நிறுத்த வேண்டாம், அடுத்ததை விட்டுடலாம். மைக் யார் கையில?

புறநகர்_வாலிபன்:
செயலாளர் அண்ணன் கேட்கிறார்.

மூணாவது_பெஞ்ச்:
போச்சு. நோவா பேழைக்கு முன்னுரையே நாற்பது நிமிஷம்.

கீபோர்டு_தம்பி:
அவருக்கு வரவேற்புரை கொடுத்திடுங்க, விளையாட்டுக்கு ரெண்டு பேர் மாறி மாறிப் பிடிங்க, ஒரு தம்பி ஒரு தங்கச்சி. விதியை மூணு வாக்கியத்துக்கு மேல சொல்லக் கூடாது. புரியலைன்னா ஒரு தடவை ஆடிக் காட்டினா போதும்.

ஏரல்காரன்:
பரிசு என்ன? என் யோசனை: அதிகப் புள்ளி எடுத்த நாலு பேர் குழுவுக்கு முதல் பந்தி.

ரிட்டயர்டு_ரயில்வே:
கொரிந்து சபையில் இதே தொல்லைதான். முதலில் வந்தவன் தின்றான், பிந்தி வந்தவன் பசியாயிருந்தான். ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்று பவுல் எழுத வேண்டி வந்தது.

அன்பியம்_அக்கா:
ஜெயிச்சவங்க பரிமாறட்டும்.

ஏரல்காரன்:
அப்படின்னா யாரும் ஜெயிக்க மாட்டாங்க அக்கா, எல்லாரும் போட்டி போட்டுத் தோப்பாங்க.

அன்பியம்_அக்கா:
பரிமாறுறவங்க கையிலதான் கறி கரண்டி இருக்கும்னு சொல்லிப் பாருங்க.

ஏரல்காரன்:
...சரி, நான் கயிறு இழுக்க முன்னாடியே வந்திடுறேன். தம்பி, எந்த ஞாயிறு?